புதுப்பிப்பு: வேலையை விடாமலே விளம்பரப் பிரிவுக்கு மாறியாச்சு

கோவையில் பம்ப் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் ஃபேஸ்புக் பதிவு போடுவதோடு தேங்கி நிற்கிறேன், கூகுள் விளம்பரப் பக்கம் போக வேறு கம்பெனிதான் தேடணுமா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. அதே கம்பெனியில்தான் இருக்கிறேன். விளம்பரக் கணக்கு இப்போது என் பொறுப்பில்.

முதலில் கூகுளின் இணையப் பயிற்சித் தளமான ஸ்கில்ஷாப்பில் கூகுள் ஆட்ஸ் சான்றிதழ் எடுத்தேன். இலவசம்தான், 80% வாங்க வேண்டும், ஒரு வருடம் செல்லும். மேலாளர் பார்த்துவிட்டு "நல்லது" என்றதோடு சரி.

பலித்தது, "கணக்கைப் பார்க்க மட்டும் அனுமதி கேளுங்கள், தேடல் சொற்கள் அறிக்கையைத் திறந்து பாருங்கள்" என்று ஒருவர் சொன்ன யோசனை. மக்கள் என்ன தேடியபோது நம் விளம்பரம் வந்தது என்று காட்டும் அறிக்கை அது. பம்ப் ரிப்பேர், மோட்டார் மெக்கானிக் வேலை என்று தேடியவர்களின் கிளிக்குக்கும் காசு போய்க்கொண்டிருந்தது. எதையெல்லாம் நெகட்டிவ் கீவேர்டாக, அதாவது தேடினால் விளம்பரம் வரக் கூடாத சொல்லாக, போடலாம் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்புறம்தான் கூப்பிட்டுப் பேசினார்கள்.

எதிர்பாராதது ஒன்று: நெகட்டிவ் கீவேர்டில் ஒருமையைப் போட்டால் பன்மையை அது தானாகத் தடுக்காது, தனியாகச் சேர்க்க வேண்டும். தமிழ் எழுத்தில் தேடுவதும், தமிழையே ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுவதும் அப்படித்தான்.

சம்பளம்? ஏப்ரலில் பேசலாமாம்.