தொப்பியும் மழையும் இருந்தால் நுவார் ஆகிவிடுமா?

கரிக்கோடு
இந்த மாதம் ஒன்பது குறு இணைய காமிக்ஸ் படித்தேன். எல்லாம் ஆறிலிருந்து பத்துப் பக்கம். எல்லாவற்றிலும் ஒரு தொப்பிக்காரத் துப்பறிவாளர், முகத்தில் ஜன்னல் திரையின் வரிவரி நிழல், வெளியே ஓயாத மழை. வழக்கு மட்டும் காமிக்ஸ் வரலாற்றிலிருந்து: காணாமல் போன கதாநாயகன், திருடுபோன கையெழுத்து, பாதியில் நின்ற தொடரின் அநாதைப் பாத்திரங்கள். கடைசிக் கட்டத்தில் ஒரு கடி ஜோக். என் கட்சி இதுதான்: நுவார் என்கிற இருண்ட குற்றக்கதை மெல்ல மெல்ல மூச்சை அடைக்க வேண்டிய சமாசாரம். தான் மாட்டிக்கொண்டது ஆளுக்குப் புரிவதற்கே இருபது பக்கம் வேண்டும். எட்டுப் பக்கத்தில் சிரிப்பும் வரலாறும் திணித்தால் மிஞ்சுவது தொப்பிதான்.

ஏழு பக்கம்
என் பெயரைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும். வில் ஐஸ்னரின் ‘ஸ்பிரிட்’ என்ற முகமூடித் துப்பறிவாளர் காமிக்ஸ் 1940 ஜூனில் தொடங்கி 1952 வரை ஞாயிறு செய்தித்தாள்களின் இணைப்பாக வந்தது. ஒரு கதைக்குப் பெரும்பாலும் ஏழே பக்கம். அதிலும் முதல் பக்கத்தைத் தலைப்புக்கே தாரைவார்ப்பார். எழுத்துகளே கட்டடமாக எழுந்து நிற்கும். மீதி ஆறு பக்கத்தில் கொலை, காதல், நையாண்டி எல்லாம். காமிக்ஸில் நுவார் குறுங்கதையாகத்தான் வளர்ந்தது சார்.

கரிக்கோடு
ஐஸ்னரை இழுப்பீர்கள் என்று தெரியும். அந்த ஏழு பக்கத்துக்கு அடியில் பன்னிரண்டு வருடம் கிடக்கிறதே! வாராவாரம் படித்தவனுக்கு ஸ்பிரிட்டின் முகமூடிக்குப் பின்னால் இருக்கும் டென்னி கோல்ட் யார், ஊர் எப்படிப்பட்டது, கமிஷனர் எதற்கு முறைப்பார் எல்லாம் அத்துப்படி. நம் இணைய ஆட்கள் முதல் பக்கத்திலேயே எல்லாவற்றையும் கட்டி, எட்டாம் பக்கத்தில் இடித்துவிட்டுப் போகிறார்கள்.

ஏழு பக்கம்
அப்படியானால் 1948 செப்டம்பர் 5 இதழை எடுத்துப் படியுங்கள். கெர்ஹார்ட் ஷ்னாபிள் என்ற சாதாரண ஆள். அவருக்குப் பறக்கத் தெரியும். அதை உலகுக்குக் காட்டத்தான் மாடியிலிருந்து குதிக்கிறார். அதே நேரம் ஸ்பிரிட் குற்றவாளிகளோடு மொட்டை மாடியில் மல்லுக்கட்டுகிறார். தவறிய குண்டு ஷ்னாபிள் மேல் பாய்கிறது. விழுந்து சாகிறார். அவர் பறந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. கதாநாயகனைப் பற்றி முன்கூட்டி எதுவும் தெரிய வேண்டியதில்லை. சிரிப்பு வருகிறது, அப்புறம் தொண்டையில் ஏதோ அடைக்கிறது. ஏழே பக்கம்.

கரிக்கோடு
சரி, அது விதிவிலக்கு. ஒத்துக்கொள்கிறேன். எரிச்சலோடுதான்.

புதுவரவு
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு நீளம் பிரச்சினை இல்லை. போன வாரம் ஒன்று படித்தேன்: ஒரு துப்பறிவாளர் உடம்பெல்லாம் ஓட்டையோடு நடந்து வருகிறார், ‘சின்னக் காயம்தான்’ என்கிறார். படித்தவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்திருந்தார்கள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. நான்கு பக்கக் கதைக்கு ஐந்து தேடல் செய்தேன். இது கதையா, தேர்வா?

பழைய அச்சு
அந்த ஓட்டைகள் ஃபாஸ்டிக்குடையவை. 1931-ல் செஸ்டர் கோல்ட் ‘டிக் டிரேசி’ என்ற துப்பறியும் காமிக்ஸ் தொடரைத் தொடங்கினார், விகார முக வில்லன்கள், தெறிக்கும் குண்டுகள், சிரிக்கவே தெரியாத போலீஸ்காரர். 1942-ல் அல் காப் தன் ‘லில் ஆப்னர்’ தொடருக்குள்ளேயே ஒரு போலித் தொடரை நுழைத்து டிரேசியைக் கிண்டலடித்தார். அதுதான் ஃபியர்லெஸ் ஃபாஸ்டிக். கதாநாயகன் ஆப்னர் அதன் பரம ரசிகன். சல்லடையாகத் துளைத்தாலும் ஃபாஸ்டிக் கடமையைச் செய்வார். ஒரு கதையில் விஷம் கலந்த பீன்ஸ் டப்பா ஒன்று ஊருக்குள் போய்விடுகிறது. யாரும் அதைத் தின்று செத்துவிடக் கூடாதே என்று, பீன்ஸ் தின்னப் போகிறவர்களை எல்லாம் இவரே சுட்டுவிடுவார்! ஆக குற்றக்கதை, கேலி, காமிக்ஸைப் பற்றியே பேசும் காமிக்ஸ், மூன்றும் எண்பது வருடத்துக்கு முன்பே ஒரே பானையில் வெந்தாயிற்று.

புதுவரவு
இப்போது சிரிப்பு வருகிறது. ஆனால் பீன்ஸ் கதைக்கு எந்த முன்கதையும் வேண்டாமே. நான் படித்ததில் ஓட்டை மட்டும் இருந்தது, பீன்ஸ் இல்லை.

கரிக்கோடு
புதுவரவு, நான் மூன்று பதிவில் சொல்ல முடியாததை ஒரே வரியில் சொல்லிவிட்டீர்கள்.

நிழல்வரி
நான் வரைகிறவன். நீங்கள் வறுத்த ஒன்பதில் ஒன்று என்னுடையதாகவே இருக்கலாம். வரலாறு எங்களுக்கு அலங்காரம் இல்லை, வழக்கே அதுதான். பில் ஃபிங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். 1939-ல் பேட்மேனின் முதல் கதையை எழுதியவர். பெயர் போட்டுக்கொண்டது ஓவியர் பாப் கேன் மட்டும். ஃபிங்கர் 1974-ல் இறந்தார். முறைப்படி பெயர் வந்தது 2015-ல். இதைவிடப் பெரிய நுவார் யார் எழுத முடியும்? என் கதையில் துப்பறிவாளரிடம் ஒரு நிழல் மட்டும் வருகிறது, ஆள் இல்லை. ‘என் பெயரைக் கண்டுபிடித்துக் கொடுங்கள்’ என்கிறது. முன்பணம் கேட்டால், ‘பக்கத்துக்கு இவ்வளவு என்று எப்போதோ வாங்கித் தின்றாயிற்று’ என்கிறது.

இன்னொன்று, நிழலை நாங்கள் அழகுக்காக மட்டும் போடுவதில்லை. தனி ஆளாக வேலை முடிந்து வந்து இரவில் வரைகிறோம். பாதிக் கட்டத்தைக் கறுப்பாக்கினால் பின்னணி வரைய வேண்டாம். பழைய காமிக்ஸ் ஓவியர் வாலி வுட் சலிப்பான காட்சிகளுக்குக் கைகொடுக்க வரைந்து வைத்த 22 மாதிரிக் கட்டங்களில் வெறும் நிழலுருவமும் உண்டு. பரம்பரைச் சோம்பேறித்தனம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய அச்சு
அந்த முன்பண வசனம் நன்று. ஆனால் வரலாறுதான் வழக்கு என்றால் முழுசாக விசாரியுங்கள். ஐஸ்னருக்கு மரியாதை செலுத்தும் எல்லாரும் மழையை வரைகிறார்கள், தெருவிளக்கை வரைகிறார்கள். எபனி ஒயிட்டைப் பற்றி மூச்சு விடுவதில்லை. ஸ்பிரிட்டின் கூடவே வரும் கறுப்பினச் சிறுவன். தடித்த உதடு, கொச்சைப் பேச்சு என்று அப்பட்டமான இனக் கேலிச் சித்திரம். அதைத் தொடாமல் பொற்காலம் என்று பாடினால் அது துப்பறிவு இல்லை, தடயத்தை அழிப்பது.

ஏழு பக்கம்
இந்த இடத்தில் எனக்குப் பதில் இல்லை. நானும் அந்தக் கட்டங்களைத் தாண்டிப் படிக்கிற ஆள்தான்.

கரிக்கோடு
நிழல்வரி, உங்கள் கதையைத் தேடிப் படித்துவிட்டேன். என் ஒன்பதில் அது இல்லை. அந்த நிழல் படி இறங்குகிற இடம் நன்றாக இருக்கிறது. திரையில் கறுப்பு மட்டும் நீள்கிறது. விரல் தள்ளிக்கொண்டே போகிறது, எப்போது வெளிச்சம் வரும் என்று தெரியவில்லை. அச்சில் பக்கத்தைத் திருப்பும் நொடிதான் திடுக்கிட வைக்கும். இங்கே அந்த நொடியை இழுத்து நீட்டியிருக்கிறீர்கள். நான் கேட்ட இருபது பக்க மூச்சடைப்பு அந்த ஒரே கறுப்பில் கிடைத்தது. கடைசிக் கட்ட ஜோக்கை மட்டும் எடுத்துவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

நிழல்வரி
ஜோக்கை எடுக்க மாட்டேன். அந்த நிழல் சிரித்துக்கொண்டே போகட்டும், பாவம்.

புதுவரவு
நானும் படித்தேன், இந்த முறை ஒரு தேடலும் தேவைப்படவில்லை. ஒரு சின்ன சந்தேகம். கதை முழுக்கப் பெயர் திருட்டைப் பற்றி. கடைசியில் உங்கள் பெயர் மட்டும் பெரிதாக இருக்கிறது. வசனங்களுக்குப் பயன்படுத்திய அந்த அழகான எழுத்துருவைச் செய்தவர் யார்?

நிழல்வரி
...

நிழல்வரி
இலவச எழுத்துரு. எங்கிருந்து இறக்கினேன் என்று தேடிக்கொண்டிருக்கிறேன். இன்று இரவுக்குள் பெயரைச் சேர்த்துவிடுகிறேன்.

கரிக்கோடு
தொப்பியை மாட்டிக்கொண்டு போங்கள். வெளியே மழை.