பொது வைஃபையில் கணினியைக் காப்பது ஃபயர்வாலா, அப்டேட்டா?

முகிலன்:
அப்டேட்டைத் தவறாமல் போட்டால் போதும், வெளியிலிருந்து வரும் வேண்டாத இணைப்புகளைத் தடுக்கும் ஃபயர்வால் இரண்டாம்பட்சம் என்று செழியன் நேற்று எழுதியிருந்தார். என்னால் ஏற்க முடியவில்லை. 2003 ஆகஸ்டில், வலை வழியாகத் தானாகவே கணினிக்குக் கணினி தாவும் பிளாஸ்டர் புழு பரவிய நாட்களை நினைத்துப் பாருங்கள். விண்டோஸ் எக்ஸ்பியைப் புதிதாக நிறுவி இணையக் கம்பியைச் செருகினால், அப்டேட் இறங்கி முடிவதற்குள் திரையில் ஒரு சிறு பெட்டி தோன்றி 60 விநாடியிலிருந்து கீழே எண்ணத் தொடங்கும். கணினி அணைந்து மீண்டும் எழும். மறுபடியும் அதே பெட்டி. அப்டேட்டை எப்போது போடுவது? இத்தனைக்கும் எக்ஸ்பியில் ஃபயர்வால் இருந்தது. அணைத்து வைத்துக் கொடுத்திருந்தார்கள். 2004இல் சர்வீஸ் பேக் 2 என்ற பெரிய அப்டேட் வந்த பிறகுதான் அது தானாகவே இயங்கியது.

செழியன்:
பிளாஸ்டர் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம், அதாவது அப்டேட், ஜூலை 16ஆம் தேதியே வந்துவிட்டது, முகிலன். புழு வந்தது ஆகஸ்ட் 11. கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரையும் அப்படித்தான்: திருத்தம் 2017 மார்ச் 14, தாக்குதல் மே 12. பிரிட்டன் மருத்துவமனைகளில் நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். பாதிக்கப்பட்ட அமைப்புகள் அனைத்திலும் திருத்தம் போடாத அல்லது ஆதரவு முடிந்த விண்டோஸ்தான் இருந்தது என்கிறது அந்நாட்டுத் தேசியத் தணிக்கை அலுவலகத்தின் அறிக்கை. இரண்டு மாதம் தள்ளிப்போட்டவர்களுக்கு ஃபயர்வால் என்ன செய்துவிடும்?

முகிலன்:
அதே அறிக்கையை முழுவதும் படியுங்கள். திருத்தம் போட்டிருந்தாலும் போடாவிட்டாலும், இணையத்தைப் பார்த்திருக்கும் ஃபயர்வாலைச் சரியாக அமைத்திருந்தால் தொற்று வந்திருக்காது என்றும் அதில் எழுதியிருக்கிறது.

கயல்விழி:
இருவரும் ஒன்றை விட்டுவிட்டீர்கள். வானாக்ரை புகுந்த வழி எஸ்எம்பி முதல் பதிப்பு, விண்டோஸ் கணினிகள் கோப்புகளைப் பகிரப் பயன்படுத்திய 1980களின் நெறிமுறை. விண்டோஸ் விஸ்டாவோடு இரண்டாம் பதிப்பு வந்த பிறகும் பழையதை யாரும் நிறுத்தவில்லை. 2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பில்தான், புதிதாக நிறுவும்போது வெளி இணைப்புகளை ஏற்கும் அதன் சர்வர் பகுதியை விட்டுவிட்டார்கள். தேவையில்லாத சேவை ஓடாமலே இருந்தால் திருத்தவும் வேண்டாம், தடுக்கவும் வேண்டாம். பாதுகாப்பையே முதன்மையாகக் கொண்ட ஓபன்பிஎஸ்டி இயங்குதளத்தின் குழுவினர் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது இதுதான்.

செழியன்:
கயல்விழி சொல்வது சரி. புதிய கணினியின் முதல் இணைப்புக்கு ஃபயர்வால் கட்டாயம் என்பதையும் ஏற்கிறேன், ‘இரண்டாம்பட்சம்’ என்ற சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் அலுவலக வலைக்குள் கோப்புகளைப் பகிர எஸ்எம்பி பயன்படுத்தும் வாசலான 445ஆம் போர்ட்டைத் திறந்துதான் ஆக வேண்டும். அங்கே காப்பது அப்டேட்தான். இதில் நான் பின்வாங்க மாட்டேன்.

முகிலன்:
அலுவலகத்தைப் பற்றி உங்களோடு சண்டையில்லை. ரயில் நிலைய வைஃபையில் இணைபவர்களுக்குச் சொல்கிறேன்: விண்டோஸின் நெட்வொர்க் அமைப்பில் ‘பொது நெட்வொர்க்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஃபயர்வால் கோப்புப் பகிர்வை அப்போதே மூடிவிடும். அப்டேட்டை வீட்டுக்குப் போய்ப் போடலாம்.