“போயிட்டு வர்றேன்” என்று சொல்லாமல் போனவர்கள்

முந்திரிக்காட்டான்:

நம்ம பக்கத்துக்கு வந்து உதவி செய்துவிட்டுப் போன வெளியூர்க்காரர்களைப் பற்றி ஆளுக்கு ஒன்று எழுதலாம் என்று பேச்சு வந்ததே, நானே ஆரம்பித்து வைக்கிறேன். என்னுடையது ‘தானே’ புயல் கதை.

2011 டிசம்பர் 30 விடியற்காலை, கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் ‘தானே’ கரையேறியது. நான் அப்போது பதினொன்றாம் வகுப்பு, அரையாண்டு லீவில் வீட்டில் இருந்தேன். பண்ருட்டிக்குத் தெற்கே செம்மண் காடு எங்கள் ஊர். முந்திரியும் பலாவும்தான் பிழைப்பு. காற்று அடங்கி வெளியே வந்து பார்த்தால், எங்கள் வாசலிலிருந்தே பக்கத்து ஊர்க் கோயில் கோபுரம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து அந்த வாசலில் உட்கார்ந்து அப்படி ஒரு கோபுரம் தெரிந்ததே கிடையாது. நடுவில் இருந்த மரமெல்லாம் படுத்துவிட்டது.

எங்கள் ஆயா வைத்த பலா மூன்று. மூன்றும் வேரோடு. அவர் அழவில்லை, கத்தவில்லை. அடுப்பு மட்டும் பற்ற வைக்கவில்லை. நாங்கள் பக்கத்து வீட்டுக் கஞ்சியில் நாலு நாள் ஓட்டினோம்.

கரண்ட் கம்பம் ஒன்றுகூட நேராக நிற்கவில்லை. டிராக்டரில் ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு வந்து மோட்டார் ஓட்டி டேங்க்கில் தண்ணீர் ஏற்றினார்கள். அதே ஜெனரேட்டரில் செல்போன் சார்ஜ் போட 10 ரூபாய். போட்டு என்ன பயன், டவர் வேலை செய்தால்தானே.

மற்ற மாவட்டங்களிலிருந்தெல்லாம் மின்வாரிய ஆட்களைக் கடலூருக்கு இறக்கினார்கள். எங்கள் ஊருக்கு வந்தது உசிலம்பட்டிப் பக்கத்து கேங், பதினோரு பேர். பள்ளிக்கூடத்தில் தங்கல். முதல் நாள் ராத்திரி அதில் ஒருவர், ஐம்பது வயதிருக்கும், குடத்தைத் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து “அப்பத்தா, கொஞ்சம் தண்ணி” என்றார். ஆயாவுக்கு யாரைக் கூப்பிடுகிறார் என்றே புரியவில்லை. அவர்கள் ஊரில் பாட்டி என்றால் அப்பத்தாவாம். “ஆயான்னு கூப்பிடுப்பா” என்று இவர் சொல்ல, “எங்க ஊர்ல ஆயான்னா பால்வாடியில வேல பாக்குறவங்க” என்று அவர் சொல்ல, புயலுக்குப் பிறகு ஆயா சிரித்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். சாப்பிட்டாச்சா என்று கேட்டார். பதினோரு பேரும் பன்னும் டீயும்தான் என்று தெரிந்ததும் எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தார். ராத்திரி ஒன்பது மணிக்குக் கருவாட்டுக் குழம்பு.

மறுநாளிலிருந்து நான் அவர்கள் பின்னாலேயே சுற்றினேன். 5 அடிக் குழி, எல்லாம் கடப்பாரையும் கையும்தான். கிரேன் உள்ளே வர வழியில்லை, ரோடு முழுக்க மரம். கம்பத்துத் தலையில் நாலு பக்கமும் கயிறு கட்டி, ஐலசா போட்டு, ஊர் ஆட்களும் சேர்ந்து இழுத்து நிமிர்த்த வேண்டும். குழிக்குள் கம்பம் ‘தொம்’மென்று இறங்கும்போது தரை அதிர்வது உள்ளங்காலில் தெரியும். கம்பி இழுப்பதற்குள் எல்லோர் கையிலும் கொப்புளம் வெடித்திருக்கும். அதன் மேல் மஞ்சளும் நல்லெண்ணெயும் குழைத்துத் தடவிவிடுவது ஆயாவின் ராத்திரி டியூட்டி.

எங்கள் வீட்டு முனையில் ரோடு வளைகிறது. அந்த வளைவில் நட்ட கம்பம் மட்டும், தண்ணி கேட்டு வந்த அந்த அண்ணனுக்குத் திருப்தியே இல்லை. மழை குடித்த மண், பிடிப்பு இல்லை. கருங்கல்லைக் கொட்டி இடித்தார், ஸ்டே கம்பியை இரண்டு முறை இழுத்துக் கட்டினார். அப்படியும் கொஞ்சம் சாய்ந்தே நின்றது. “இது என் மனசுக்கு ஒப்பல தம்பி” என்று சொல்லிக்கொண்டே இருந்தார்.

பொங்கலுக்கும் அவர்கள் ஊருக்குப் போகவில்லை. 2012-ல் ஜனவரி 15 பொங்கல். பள்ளிக்கூட வாசலில் ஆயாவே பானை வைத்தார்.

காணும் பொங்கல் அன்றைக்கு சாயந்திரம் வேலை முடிந்தது. ஃபோர்மேன் சப்-ஸ்டேஷனுக்கு போன் போட்டு, “லைன்ல ஆள் இல்ல, சார்ஜ் பண்ணலாம்” என்றார். தெருவே மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. முனை கம்பத்து டியூப்லைட் இரண்டு தடவை கண்ணடித்துவிட்டுப் பிடித்தது. பிள்ளைகள் போட்ட சத்தம் இருக்கிறதே! அந்தச் சத்தம் அடங்குவதற்குள் இவர்கள் கயிறையும் கடப்பாரையையும் லாரியில் ஏற்ற ஆரம்பித்துவிட்டார்கள். அடுத்த ஊர் இன்னும் இருட்டில் கிடக்கிறதே. பத்தொன்பது நாளாக எந்த வெளிச்சத்துக்குக் காத்திருந்தோமோ, அது வந்த நிமிஷமே அவர்கள் கிளம்பும் நிமிஷமும் ஆகிவிட்டது. எனக்குக் கரண்ட் இன்னும் ரெண்டு நாள் கழித்து வந்திருக்கலாமே என்று தோன்றியது. வெளியே சொன்னால் அடிப்பார்கள்.

ஆயா போன வருஷத்து முந்திரிப் பருப்பு இருந்த டின்னை அப்படியே கொண்டுவந்து அந்த அண்ணன் கையில் வைத்தார். அவர் வாங்கவில்லை. “மரமெல்லாம் போச்சு அப்பத்தா, இனி எப்பக் காய்க்குமோ. நீங்க வச்சுக்கங்க.” ஆயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. “மரந்தான்டா போச்சு. வந்த புள்ளைய வெறுங்கையோட அனுப்புற அளவுக்கு நான் இன்னும் போயிடல.”

வாங்கிக்கொண்டார். லாரியில் ஏறிய பிறகு, “அப்ப நாங்க போறோம் அப்பத்தா” என்றார். போறேன் என்று சொல்லக் கூடாது, போயிட்டு வர்றேன்னு சொல்லு என்று ஆயா கீழே நின்று சத்தம் போட, அவர் சொன்னார்: “மாட்டேன். நாங்க திரும்பி வந்தோம்னா உங்களுக்கு மறுபடி புயல் அடிச்சிருக்குன்னு அர்த்தம். வரவே கூடாது.”

ஆயா பதில் சொல்லாமல் நின்றது எனக்கு நினைவு தெரிந்து அன்றைக்கு ஒருநாள்தான். வாய்க்காரி.

ரெயின்போ நகர்வாசி:

உங்கள் கதையைப் படித்துவிட்டு என் கதையைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஏனென்றால் எங்களுக்கு உதவியவர்கள் பாண்டிக்குத் தண்ணியடிக்க வந்தவர்கள்.

சனி, ஞாயிறு வந்தால் இங்கே இருப்பவர்கள் படும் பாடு உங்களுக்குத் தெரியும். பீச் ரோடு பக்கம் வண்டி நிறுத்த முடியாது, ஒயிட் டவுனில் எந்தத் தெருவைப் பார்த்தாலும் மஞ்சள் சுவரில் சாய்ந்து போட்டோ. எனக்கு இந்தக் கூட்டத்தைக் கண்டாலே ஆகாது. 2024 நவம்பர் 30, ஃபெஞ்சல் வந்ததும் சனிக்கிழமைதான். எதிர் வீட்டு மாடியை வாடகைக்கு எடுத்து பெங்களூர்ப் பையன்கள் நாலு பேர் தங்கியிருந்தார்கள். புயல் வருது என்று ஒரு வாரமாக டி.வி.யில் கத்துகிறார்கள், இதுகளுக்கு என்ன திமிர் என்று அம்மாவிடம் புலம்பினேன்.

ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டித் தீர்த்தது. நடுராத்திரி கட்டிலுக்கு அடியில் தண்ணீர், மூன்று மணிக்குக் கட்டில் மேலேயே. அம்மாவுக்கு முழங்கால் ஆபரேஷன் ஆகி இரண்டு மாதம். நான் ஒருத்தி என்ன செய்ய? கதவைத் தட்டியது அந்த நாலு பேர்தான். ஒருவன் டார்ச் பிடிக்க, இரண்டு பேர் அம்மாவைப் பிளாஸ்டிக் நாற்காலியோடு தூக்கி, இடுப்பளவு தண்ணீரில் தெருவைக் கடந்து அவர்கள் மாடிக்குக் கொண்டுபோனார்கள். நாலாவது பையன் ஃபிரிட்ஜுக்குள் கைவிட்டு அம்மாவின் இன்சுலின் டப்பாவை மட்டும் எடுத்துத் தலைமேல் வைத்துக்கொண்டு வந்தான். ஃபிரிட்ஜ் போனால் போகட்டும் என்று அவனாகவே முடிவு பண்ணியிருக்கிறான்!

மூன்று நாள் அந்த மாடியில் ஆறு பேர். தமிழ் பாதி, கன்னடம் பாதி. கேஸ் அடுப்பு ஒன்று இருந்தது, அம்மா உட்கார்ந்த இடத்திலிருந்தே ரசம் வைக்கச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீர் வடிந்ததும் சேறு வழித்து, வீட்டை இரண்டு முறை கழுவிவிட்டுத்தான் கிளம்பினார்கள். கார் ஸ்டார்ட் ஆகவில்லை, பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தே போனார்கள். தெரு முனை திரும்பும்வரை அம்மா கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அழவில்லை என்று சொன்னால் பொய்.

அவர்கள் போன பிறகு மாடிப் படிக்கட்டு இடுக்கில் பிரிக்காத பாட்டில் ஒன்று கிடைத்தது. நான் தூக்கிப் போடப் போனேன். அம்மா விடவில்லை. ஊறுகாய் ஜாடிகளுக்குப் பின்னால், துணி சுற்றி, இன்னும் இருக்கிறது. “பசங்க வந்தா குடுக்கணும்டி, காசு போட்டு வாங்கினது.” விளக்கேற்றாமல் ஒரு வேளை சாப்பிடாத அம்மா!

முதுநகர் ஆள்:

எல்லாம் சரி. ஆனால் 2015 வெள்ளத்தின்போது கடலூர் முதுநகர்ப் பக்கம் இருந்தவன் என்ற முறையில் ஒன்று சொல்லியாக வேண்டும். வந்தவர்கள் எல்லோரும் இப்படி இல்லை. ஜிப் போன பேண்ட், கிழிந்த புடவை எல்லாம் ரோட்டோரம் மலை மாதிரி கிடந்தது. ஒரு பாக்கெட் ரொட்டியை ஆறு பேர் சேர்ந்து பிடித்துக்கொண்டு போட்டோ. எங்கள் தெருப் பெண்கள் கேமராவைக் கண்டால் உள்ளே போய்விடுவார்கள்.

எனக்கு நினைவில் நிற்பது ஒரு லாரி டிரைவர். திருப்பூரிலிருந்து சரக்கு ஏற்றி வந்தவர். மூட்டையெல்லாம் இறக்கிக்கொண்டு கூட வந்தவர்கள் வேனில் போய்விட்டார்கள். இவர் மட்டும் ராத்திரி தங்கி, சேறு அடைத்துக் கிடந்த எங்கள் தெருக் கைப்பம்பைக் கழற்றி, வாஷர் மாற்றி, தண்ணீர் வரவைத்துவிட்டு, விடியுமுன் போய்விட்டார். நன்றி சொல்ல ஆள் இல்லை. காலையில் பம்பு அடித்தவர்களுக்குத் தண்ணீர் வந்தபோதுதான் அவர் போனதே தெரியும்.

கம்பத்துக்காரர்:

நானும் மின்வாரியம்தான், குறிஞ்சிப்பாடிப் பக்கம். 2018 நவம்பரில் கஜா அடித்தபோது வேதாரண்யம் பக்கம் எங்களை அனுப்பினார்கள். தானேவுக்கு அவ்வளவு பேர் வந்து செய்தார்களே என்று, ஆள் கேட்டதுமே முதலில் பெயர் கொடுத்தேன்.

லாரியில் ஏறும்போது திரும்பிப் பார்க்காதே என்று எங்கள் சீனியர் ஒருவர் சொல்வார். ஈரமான கண்ணோடு அடுத்த ஊர்க் கம்பத்தில் ஏற முடியாதாம். நான் பார்த்துவிட்டேன். தென்னையெல்லாம் தலை இல்லாமல் நின்ற ஒரு தோப்பு முன்னால், எங்களுக்குப் பதினைந்து நாளாகச் சோறு போட்ட குடும்பம் வரிசையாக நின்றது. கடைசிப் பையன் என் ஹெல்மெட்டைத் தலையில் போட்டுக்கொண்டு நிற்கிறான். திருப்பிக் கேட்க மனசு வரவில்லை. ஆபீஸில் தொலைந்துவிட்டது என்று எழுதிக் கொடுத்தேன், பாட்டும் வாங்கினேன்.

முந்திரிக்காட்டான், உங்கள் உசிலம்பட்டி அண்ணன் அப்புறம் பேசினாரா?

முந்திரிக்காட்டான்:

பேசுவார். நம்பர் வாங்கி வைத்திருந்தேன். பொங்கலுக்கு நாங்கள் கூப்பிடுவோம், புயல் எச்சரிக்கை வந்தால் அவர் கூப்பிடுவார். எடுத்ததும் நலம் விசாரிப்பெல்லாம் கிடையாது. “தம்பி, வளைவு போஸ்ட் நிக்குதா?” அதுதான் முதல் கேள்வி. நிக்குது அண்ணே என்றால்தான் மற்றது. வர்தா, கஜா, நிவர் எல்லாவற்றுக்கும் கேட்டார். ஆயா போனைப் பிடுங்கி, “போஸ்ட்ட விசாரிக்கிறவன் ஒரு எட்டு வந்து பாக்க மாட்டியா” என்பார். அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் மட்டும் கேட்கும்.

நிவருக்கு அடுத்த வருஷம் ஆயா போய்விட்டார். அண்ணனுக்குச் சொல்ல வேண்டும் என்று ஒவ்வொரு பொங்கலுக்கும் நம்பரை எடுப்பேன், வைத்துவிடுவேன். அவரும் ரிட்டயர் ஆகி, போன் வருவது நின்றிருந்தது.

ஃபெஞ்சல் கரையைக் கடந்த மறுநாள் காலையில் கூப்பிட்டார். குரல் கொஞ்சம் தளர்ந்திருந்தது.

“தம்பி, வளைவு போஸ்ட் நிக்குதா?”

“நிக்குதுண்ணே. அதே சாய்ப்போட.”

“அப்பத்தா எங்க, போனைப் புடுங்கலையா?”

நான் வாசலுக்கு வந்து கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவரும் ஒன்றும் கேட்கவில்லை. ரொம்ப நேரம் கழித்து, “நான் வர்றேன் தம்பி” என்றார்.

தை மாதம் வந்தார். மதுரையிலிருந்து விழுப்புரம், அங்கிருந்து பண்ருட்டி, மூன்று பஸ் மாறி. கையில் அந்தப் பழைய முந்திரி டின். உள்ளே அதிரசம்.