இன்ஹேலன்ட்: முகர்போதையா, இழுபோதையா?

(சொல் தேடும் குழு ஒன்றின் பேச்சு. பேசுபவர்கள் தத்தம் ஊர்ப்பெயரால் குறிக்கப்படுகிறார்கள்.)

கொழிஞ்சாம்பாறை:

அனைவருக்கும் வணக்கம். கேரளத்தின் பாலக்காட்டுச் சித்தூர் தாலுகாவின் தமிழ்வழி வகுப்புகளுக்காக லஹரி (மலையாளத்தில் போதை) விழிப்புணர்வுக் கையேடு ஒன்று மலையாளத்திலிருந்து தமிழாகிறது. 24 பக்கம். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போக வேண்டும். மது, கஞ்சா, புகையிலைப் பக்கங்கள் முடிந்தன. இன்ஹேலன்ட் (ஆவியாகவோ வாயுவாகவோ மூச்சில் ஏற்றும் போதைப்பொருள்) பக்கத்தில் சொல் கிடைக்காமல் நிற்கிறது.

வேண்டிய சொல் இவற்றை அடக்க வேண்டும்: பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெயின்ட் தின்னர், வைட்னர், பெட்ரோல், லைட்டர் கேஸ், சிரிப்பூட்டும் வாயு. கொளுத்திப் புகைப்பதும், பொடியாக மூக்கில் உறிஞ்சுவதும் இதில் சேராது. 'உள்ளிழுக்கும் போதை' என்று போடத் தயக்கம். ஆஸ்துமாப் பிள்ளையின் பையில் இருப்பதும் உள்ளிழுக்கும் மருந்துதான். கையேடு வந்த மறுநாளே அந்தப் பிள்ளையை வகுப்பு கேலி செய்யும்.

இரண்டாவது கேள்வி. 17ஆம் பக்கத்தில் வாட்ஸ்அப்பில் சுற்றும் ஜென்கெம் வதந்திக்கு மறுப்பு இருக்கிறது. சாக்கடைக் கழிவு நொதித்த வாயுவில் போதை ஏறுமாம். அதற்குத் தமிழில் பெயர் வைப்பதா, அப்படியே எழுதுவதா?

செங்கோட்டை:

டீச்சருக்கு வணக்கம். முகர்போதை. வேறு தேட வேண்டியதில்லை.

முகர்தல் என்பது மோத்தலின் உறவு. 'மோப்பக் குழையும் அனிச்சம்' என்பதில் உள்ள மோப்பு அது. நுகர் என்று யாராவது தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அது துய்த்தல். ரேஷன் கடைப் பலகையில் 'நுகர்வோர்' என்று போட்டுவிட்டார்கள், அதை இனி மூக்குக்குத் திருப்ப முடியாது.

இன்னும் பழைய சொல் வேண்டுமானால் உயிர்த்தல் இருக்கிறது. 'கண்டுகேட்டு உண்டுயிர்த்து உற்றறியும் ஐம்புலனும்' என்ற குறளில் உயிர்த்து என்றால் மோந்து. ஐந்து புலனையும் வரிசையாகச் சொல்லும் இடம், ஐயமே இல்லை. மூச்சு, மணம் இரண்டையும் ஒரே சொல்லில் பிடித்த மொழி இது. உயிர்ப்புப்போதை என்று ஆக்கலாம்.

வண்டிப்பெரியாறு:

ஐயா, உயிர்ப்பு என்றால் எங்கள் பக்கம் ஈஸ்டர் ஞாயிறு. அதோடு போதையைச் சேர்த்து எழுதினால் பங்குத்தந்தை பள்ளிக்கு வந்துவிடுவார்.

முகர்போதை எனக்குச் சம்மதம், ஆனால் இலக்கணம் இடிக்கிறது. குடிநீரில் குடிக்கப்படுவது நீர். முகர்போதையில் முகரப்படுவது போதையா? பொருளைத்தானே முகர்கிறார்கள்? அப்படியானால் முகர்பொருள் என்றல்லவா வர வேண்டும்? அது ஊதுபத்திக்கும் பொருந்தும். 'மணக்கும் லஹரி' என்று போடுங்கள், பாலக்காட்டுப் பிள்ளைகளுக்கு உடனே புரியும்.

செங்கோட்டை:

தம்பி, பெயரெச்சம் செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் ஆறோடு நிற்பதில்லை. 'ஆறு சென்ற வியர்' என்று உரைகாரர்கள் காட்டுவார்கள். வழி நடந்ததால் வந்த வியர்வை. அவ்வளவு தூரம் போவானேன், உண்ட மயக்கம் தொண்டனுக்கும் உண்டு என்கிறோமே, மயக்கத்தையா உண்டோம்? காரணம் முன்னே, காரியம் பின்னே. அந்தப் பெயரெச்சம் காலம் கரந்து நின்றால் வினைத்தொகை. முகர்ந்த, முகர்கிற, முகரும் போதை என மூன்று காலத்துக்கும் விரியும். வலி மிகாது, முகர்ப்போதை என்று அச்சுக்கோப்பவர் ஒற்றுப் போடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

லஹரி வடமொழியில் அலை. அலை அடித்தால் போதையா? மலையாளத்துக்கு அது பொருந்தும், நமக்கு எதற்கு?

மறையூர்:

இலக்கணம் சரி, ஐயா. ஆனால் வேதியியல் தவறு. அந்தச் சொல்லே வதந்திக்கு வழி விடுகிறது.

முகர்தல் மூக்கின் வேலை. மூக்கின் மேல்கூரையில் இருக்கும் நரம்புமுனையில் மூலக்கூறு பட்டால் மணம் தெரியும், அங்கே கதை முடிந்தது. போதை அந்த வழியில் வருவதில்லை. தின்னரிலும் பசையிலும் உள்ள டொலுயீன் என்ற கரைப்பானின் ஆவி நுரையீரலுக்குப் போய், இரத்தத்தில் கலந்து, கொழுப்பில் கரையும் தன்மையால் சில நொடிகளில் மூளைக்குள் ஏறுகிறது. சிரிப்பூட்டும் வாயுவான நைட்ரஸ் ஆக்சைடில் லேசான இனிப்பு தவிர மணமே கிடையாது. 1799இல் பிரிஸ்டலில் ஹம்ப்ரி டேவி தன் மேலேயே சோதித்துப் பார்த்த வாயு அது. மணத்துக்கும் மயக்கத்துக்கும் தொடர்பில்லை. 'முகர்ந்தால் போதை' என்று கற்றுக்கொண்ட பிள்ளை, எவ்வளவு நாறுகிறதோ அவ்வளவு ஏறும் என்று நினைக்கும். ஜென்கெம் வதந்தி நிற்பது அந்த நினைப்பின் மேல்தான்.

நாறும் வாயு என்ன செய்யும் என்று பாருங்கள். கழிவு நொதித்தால் வருவது பெரும்பாலும் மீத்தேனும் கரியமில வாயுவும். கந்தகம் இருந்தால் கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடு. மீத்தேன் போதை தராது, ஆக்சிஜனின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தலை சுற்றுவதும் கண் இருட்டுவதும் மூச்சுமுட்டலின் அடையாளம். ஹைட்ரஜன் சல்பைடு செல்லுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை அடைக்கிறது, சயனைடைப் போல. பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்கும்போதே அழுகிய முட்டை நாற்றம் தெரிந்துவிடும். 100 பங்கு ஆனால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. வாயு போய்விட்டது என்று ஏமாறுவது அங்கேதான். 500ஐத் தாண்டினால் தள்ளாடி விழுவார்கள், 1000க்கு மேல் ஓரிரு மூச்சு போதும். காற்றைவிடக் கனமானதால் குழியின் அடியில் தேங்கும். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் ஆள்நுழை குழியில் இறங்கிய ஆந்திரத் தொழிலாளர் இருவரும், அவர்களைத் தூக்க இறங்கிய ஆட்டோ ஓட்டுநரும் இறந்தார்கள். கையேட்டில் சாக்கடை வாயு பற்றி எழுத வேண்டியது அதுதான்.

என் சொல் இழுபோதை. 'சொல்யூஷன் இழுக்கிறான்' என்றுதான் தெருவில் பேச்சு.

களியக்காவிளை:

சார், இழுப்பது பீடியையும்தான், கஞ்சாவையும்தான். டீச்சர் புகையைத் தனியே வைக்கச் சொன்னார்கள். எங்கள் பக்கம் இழுப்பு என்றால் ஆஸ்துமா. 'பிள்ளைக்கு இழுப்பு' என்றுதான் தாய்மார் சொல்லிக்கொண்டு வார்டுக்கு வருகிறார்கள். எதை விலக்க நினைத்தோமோ அதிலேயே போய் விழுகிறோம். ஆவிப்போதை என்று யாரும் சொல்வதற்கு முன்: ஜலதோஷத்துக்கு ஆவி பிடிப்பது எல்லா வீட்டிலும் உண்டு.

எந்தச் சொல்லானாலும் கீழ்வரும் பத்தியை அப்படியே சேருங்கள். சொல்லைவிட இது முக்கியம். கரைப்பான் ஆவி இதயத்தை அட்ரினலினுக்கு (பயத்தில் சுரக்கும் ஹார்மோன்) எளிதில் தடுமாற வைக்கிறது. அந்த நேரம் பயந்தாலோ ஓடினாலோ துடிப்பு தாறுமாறாகி நின்றுவிடலாம், முதல் தடவையிலும் நடக்கும். 1970இல் அமெரிக்க மருத்துவர் மில்லார்ட் பாஸ் இப்படி 110 மரணங்களைத் தொகுத்து எழுதினார். ஆகவே பிடிபட்ட பிள்ளையை அதட்டாதீர்கள், துரத்தாதீர்கள். ஜன்னலைத் திறந்து, மெதுவாகப் பேசி உட்கார வையுங்கள். தீக்குச்சியோ சுவிட்சோ வேண்டாம். டொலுயீன் ஆவி 4 டிகிரி செல்சியஸிலேயே தீப்பிடிக்கும். நனைந்த சட்டையைக் கழற்றுங்கள். மயங்கினால் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐ அழையுங்கள். மூச்சில்லை என்றால் மார்பில் 30 அழுத்தம், வாயில் 2 ஊதல் என்று ஆம்புலன்ஸ் வரும்வரை விடாதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள்.

நாள்பட்டால் வரும் கேட்டையும் தனித்தனியே எழுதுங்கள். டொலுயீன் மூளையின் வெண்பகுதியை அரிக்கும். சில பசைகளில் உள்ள ஹெக்சேன் பாதத்திலிருந்து மேலாக நரம்பை மரக்கடிக்கும். சிரிப்பூட்டும் வாயு பி12ஐச் செயலிழக்க வைத்து முதுகுத்தண்டைக் கெடுக்கும். 'மூளை பாதிக்கும்' என்று ஒரே வரியில் முடித்தால் பிள்ளைகள் நம்புவதில்லை.

செங்கோட்டை:

சிஸ்டர் சொன்ன 'இழுப்பு' காரணம் போதும், இழுபோதை நிற்காது. மறையூர் சாருக்கு ஒன்று: சொல்லின் வேர் பொருளைக் கட்டிப்போடுவதில்லை. குறள் 'சுவைஒளி ஊறுஓசை நாற்றமென' என்று ஐம்புலனை எண்ணும்போது நாற்றம் வெறும் மணம். இன்று அதே சொல்லைக் கேட்டால் மூக்கைப் பொத்துகிறோம். முகர்போதையும் பழகப் பழகத் தன் பொருளைப் பிடித்துக்கொள்ளும். தவிர, முகர் வைத்தால் குடும்பமே வருகிறது: நீங்கள் சொன்ன மூக்கு மரத்தலுக்கு முகர்மரப்பு, சிஸ்டர் சொன்ன திடீர் மரணத்துக்கு முகர்சாவு.

மறையூர்:

எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல் பழகும்வரை காத்திருக்க நேரமில்லை, ஐயா. 2019இல் வந்த மத்திய அரசு ஆய்வில் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம் அதிகமாகக் கண்டது இந்த ஒரு வகைதான்: 10 முதல் 17 வயதில் 1.17 விழுக்காடு, பெரியவர்களில் 0.58. அவர்கள் சொல்லைப் படித்த அன்றே புரிந்துகொள்ள வேண்டும்.

வண்டிப்பெரியாறு:

ஜென்கெம் பற்றி யாரும் முடிவு சொல்லவில்லையே. 1990களில் சாம்பியாவின் லுசாகாத் தெருப்பிள்ளைகளைப் பற்றிய செய்திகளில் வந்த பெயர் அது. 2007இல் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒரு ஷெரீஃப் (காவல்துறை) அலுவலகம் எச்சரிக்கை வெளியிட்டது. அதற்கு அடிப்படையான இணையப் படத்தில் இருந்தது மாவும் பீரும் நட்டெல்லா சாக்லேட்டும் என்று போட்டவரே ஒப்புக்கொண்டார். இதற்குத் தமிழ்ப் பெயர் வைத்தால் உள்ளூர்ப் பெயர் கிடைத்துவிடும், அப்புறம் அழியாது. 'சாக்கடை வாயு வதந்தி' என்று விளக்கமாக எழுதினால் போதும்.

செங்கோட்டை:

இதில் தம்பி சொல்வது சரி. பெயர் வைப்பது பிறப்பித்தல்.

கொழிஞ்சாம்பாறை:

வியாழன் இரவு ஆகிவிட்டது. என்னையும் சேர்த்து மூன்று பேர் முகர்போதை, ஒருவர் இழுபோதை. முகர்போதை என்றே போடுகிறேன், முதல் முறை வரும் இடத்தில் 'சொல்யூஷன், தின்னர், வைட்னர் போன்றவற்றின் ஆவியை மூச்சில் ஏற்றுவது' என்ற விளக்கத்தோடு. சிஸ்டரின் பத்தி கட்டம் கட்டி முதல் பக்கத்துக்கு. ஜென்கெம் என்ற பெயர் எங்கும் வராது. மறையூர் சாரின் 'மணத்துக்கும் மயக்கத்துக்கும் தொடர்பில்லை' 17ஆம் பக்கத் தலைப்பாகிறது.

மறையூர்:

நன்றி டீச்சர். ஆனால் 17ஆம் பக்கத் தலைப்பு 3ஆம் பக்கத்து முகர்போதையை மறுக்கிறது. இழுபோதை போனால் போகட்டும், அடுத்த பதிப்புக்குள் மூச்சுப்போதை என்பதையாவது யோசியுங்கள்.

செங்கோட்டை:

மூச்சுப்போதை வினைத்தொகை ஆகாது. மூச்சு பெயர்ச்சொல், வலி மிகும், வேற்றுமைத்தொகையாகத்தான் பார்க்க வேண்டும். மூன்றாம் வேற்றுமையா ஐந்தாம் வேற்றுமையா என்று நாளை விரிவாக எழுதுகிறேன்.