பாட்டக்கெட் மைதானத்தில் ரிச் ஹில்

பேஸ்பாலில் பந்து வீசும் பிட்சர் ஒருவர் சரிந்து விழுந்து, பிறகு அமெரிக்காவின் உச்ச மட்டமான மேஜர் லீக்குக்குத் திரும்புவது டிவியில் பார்ப்பவர்களுக்கு ஒரு நாள் செய்தி. அவர் எப்படித் திரும்பினார் என்பது அதற்குக் கீழுள்ள மைனர் லீக் மைதானத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். 2015 கோடையில் ரோட் ஐலண்ட் மாநிலத்தின் பாட்டக்கெட்டில் ரிச் ஹில் வீசியதைக் கிட்டத்திலிருந்து பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. இன்றும் யாராவது "அதிர்ஷ்டம் அடித்தது" என்றோ "அதிசயம்" என்றோ அவரைப் பற்றிச் சொன்னால் எனக்குப் பொறுக்காது. அதனால்தான் விரிவாகவே எழுதுகிறேன்.

ஹில் இடக்கைப் பிட்சர். பாஸ்டனை ஒட்டிய மில்டன் ஊர்க்காரர், 1980-இல் பிறந்தவர். 2005-இல் சிகாகோ கப்ஸ் அணிக்காக மேஜர் லீக்கில் அறிமுகமானார். 2007-இல் அந்த அணிக்காக 195 இன்னிங்ஸ் (ஓர் ஆட்டத்துக்கு வழக்கமாக ஒன்பது) வீசி 11 வெற்றிகள், 183 ஸ்டிரைக்அவுட், அதாவது பந்தை அடிக்க முடியாமலே பேட்டர் அவுட் ஆவது. அடுத்த ஆண்டே பந்து சொன்ன இடத்துக்குப் போக மறுத்தது. குறி தவறி நான்கு பந்து வீசி, பேட்டர்களை முதல் பேஸுக்குச் சும்மா நடக்கவிட்டு வாக் ஆக்கிக்கொண்டே போனார். கப்ஸ் கைவிட்டது. 2009-இல் பால்டிமோர் அணியில் இருந்தபோது தோள்பட்டை அறுவைச் சிகிச்சை வரை போயிற்று. 2011-இல் முழங்கையில் டாமி ஜான் அறுவைச் சிகிச்சை, அதாவது கிழிந்த தசைநாருக்குப் பதிலாக வேறொரு தசைநாரை எடுத்துப் பொருத்தினார்கள். அதற்குள் கையைத் தாழ்த்திப் பக்கவாட்டில் வீசும் முறைக்கு மாறி, இடக்கை பேட்டர் வந்தால் ஓரிரு பேருக்கு மட்டும் வீசிவிட்டு உள்ளே போகிற ரிலீவராகச் சுருங்கிவிட்டார். 2014-இல் ஏஞ்சல்ஸ் அணிக்கு இரண்டு ஆட்டங்களில் ஆடியும் ஒரு அவுட்கூட எடுக்க முடியவில்லை. அதே ஆண்டு பிப்ரவரியில் அவரும் அவருடைய மனைவியும் இரண்டு மாதமே ஆன மகனைப் பறிகொடுத்திருந்தார்கள். அந்தத் துக்கத்தோடுதான் அவர் அந்த ஆண்டு முழுவதும் ஆடினார் என்பதை எண்களை மட்டும் பார்த்துப் பேசுபவர்கள் மறந்துவிடக் கூடாது.

2015-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அவரைச் சிராக்யூஸில் மைனர் லீக்கின் மேல்மட்டமான ட்ரிபிள்-ஏ அணியில் வைத்திருந்து ஜூனில் விடுவித்தது. வயது 35. பெரும்பாலான பிட்சர்கள் வீட்டுக்குப் போய்விடும் வயது. ஹில்லும் மில்டனுக்குத்தான் போனார். ஆனால் போன இடத்தில் உள்ளூர்ப் பையன்களின் அணியோடு சேர்ந்து பயிற்சி செய்தார். அங்கேதான் ஒரு முடிவுக்கு வந்தார்: இனி ரிலீவராக வீசுவதில்லை, கையைப் பழையபடி மேலே தூக்கி, ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டராகவே வீசுவது. எந்த அணியும் கேட்காத முடிவு அது. 2009-க்குப் பிறகு மேஜர் லீக்கில் ஒரு ஆட்டத்தையும் தொடங்காதவரை ஸ்டார்ட்டர் என்று யார் நம்புவார்கள்?

நம்பியது லாங் ஐலண்ட் டக்ஸ். நியூயார்க்கின் லாங் ஐலண்டில் சென்ட்ரல் இஸ்லிப்பில் ஆடும் அணி. அட்லாண்டிக் லீக் என்ற அந்தத் தனி லீக்குக்கும் மேஜர் லீக் அணிகளுக்கும் அப்போது நேரடித் தொடர்பு கிடையாது. மேஜர் லீக்கில் இடமிழந்தவர்களும், அங்கே இடமே கிடைக்காதவர்களும் இன்னொரு வாய்ப்புக்காக ஆடும் களம். ஹில் அங்கே இரண்டு ஆட்டங்களைத் தொடங்கினார். 11 இன்னிங்ஸ், ஒரு ரன்கூட இல்லை, 21 ஸ்டிரைக்அவுட். ஆகஸ்ட் நடுவில் பாஸ்டன் ரெட் சாக்ஸ் அவரை ஒப்பந்தம் செய்து பாட்டக்கெட்டுக்கு அனுப்பியது.

இந்த இடத்தில் பாட்டக்கெட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ரெட் சாக்ஸின் ட்ரிபிள்-ஏ அணி அங்கே மெக்காய் மைதானத்தில் ஆடியது. 1942-இல் திறந்த மைதானம், சுமார் 10,000 பேர் உட்காரலாம். 1981-இல் பேஸ்பால் வரலாற்றின் மிக நீளமான தொழில்முறை ஆட்டம், 33 இன்னிங்ஸ், அங்கேதான் நடந்தது. ஏப்ரலில் விடியற்காலை நான்கு மணி தாண்டி 32-ஆம் இன்னிங்ஸோடு நிறுத்தி, மிச்சத்தை ஜூனில் ஆடினார்கள். அன்று எதிரெதிர் அணிகளில் ஆடிய வேட் பாக்ஸும் கால் ரிப்கன் ஜூனியரும் பின்னாளில் பேஸ்பாலின் புகழ்க்கூடமான ஹால் ஆஃப் ஃபேமுக்குப் போனார்கள்.

மெக்காயில் எனக்கு மிகவும் பிடித்தது தூண்டில் போடும் பிள்ளைகள். வீரர்கள் உட்காரும் டக்அவுட் அங்கே பார்வையாளர் வரிசைக்கு நேர் கீழே, தரை மட்டத்தில் இருந்தது. மேலே இருப்பவர்களால் வீரரின் கையில் எதையும் நேராகக் கொடுக்க முடியாது. பிள்ளைகள் பிளாஸ்டிக் பால் கேனில் ஒரு பக்கத்தை வெட்டியெடுத்து, உள்ளே பந்தையும் பேனாவையும் வைத்துக் கயிற்றில் கட்டிக் கீழே இறக்குவார்கள். கீழேயிருந்து ஒரு கை நீளும், பந்து கையெழுத்தோடு திரும்ப மேலே வரும். யார் கையெழுத்துப் போட்டார் என்று சட்டை எண்ணைக்கூடப் பார்க்க முடியாமல் ஒரு சிறுமி பந்தைத் திருப்பித் திருப்பி எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பாஸ்டனில் ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வேயிலிருந்து எழுபது கிலோமீட்டர் தூரம்தான். ஆனால் அங்கே ஒரு டிக்கெட் விலையில் இங்கே ஒரு குடும்பமே பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் உட்கார்ந்துவிட முடிந்தது.

ஹில் வீசியபோது நான் உட்கார்ந்திருந்ததும் அங்கேதான். பக்கத்து இருக்கையில் உள்ளூர்ப் பெரியவர் ஒருவர், மடியில் ஸ்கோர் புத்தகமும் பென்சிலுமாக இருந்தார். பல ஆண்டுகளாக சீசன் டிக்கெட் வைத்திருப்பவராம். ஹில்லை 2010-இலேயே அதே மைதானத்தில் பார்த்திருக்கிறார். முதல் இன்னிங்ஸ் முடிந்ததும் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "கையைப் பாருங்கள், மேலிருந்து வருகிறது. நான் பார்த்த ஹில் இவர் இல்லை" என்றார். அதன் பிறகு ஒவ்வொரு கர்வ்பாலுக்கும், அதாவது வளைந்து இறங்கும் பந்துக்கும், தன் தாளின் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே வந்தார். ஆட்டத்தின் நடுப்பகுதி வருவதற்குள் அந்த ஓரம் முழுக்கப் புள்ளிகள்.

அந்தப் புள்ளிகளில்தான் விஷயமே இருக்கிறது. ஹில்லின் ஃபாஸ்ட்பால் மணிக்கு 90 மைல் அளவில் வரும். அந்த மட்டத்தில் அது சாதாரண வேகம். கர்வ்பால் அதைவிடப் பதினைந்து மைல் மெதுவாக வரும். கிரிக்கெட்டில் பந்து தரையில் பட்டுத் திரும்புவதைப் பார்த்தே வளர்ந்த நமக்கு இது முதலில் பிடிபடாது. பேஸ்பாலில் பந்து தரையைத் தொடுவதில்லை, எல்லாத் திருப்பமும் காற்றிலேயே நடக்க வேண்டும். கர்வ்பாலை முன்னோக்கிச் சுழலும்படி விரலால் இழுத்து விடுகிறார்கள். தையல் காற்றைப் பிடிக்கிறது. புவியீர்ப்பு இழுப்பதோடு அந்தச் சுழற்சியும் சேர்ந்து பந்தைக் கீழே தள்ளுகிறது. சுழற்சி கூடக் கூட இறக்கமும் கூடும். டிவி கேமரா பிட்சரின் தோளுக்குப் பின்னாலிருந்து காட்டுவதால் இந்த இறக்கம் பாதிதான் தெரியும். ஹோம் பிளேட்டுக்குப் பின்னாலிருந்து பார்த்தால், பந்து பேட்டரின் நெஞ்சளவில் கிளம்பி வருகிறது, அவர் கை அசைக்கத் தொடங்குகிறார், அதற்குள் அது அவருடைய முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. வலக்கை பேட்டர் ஒருவர் ஓங்கி வீசிய மட்டை காற்றை அறுக்கும் சத்தமும், பந்தைப் பிடிக்கும் கேட்சரின் கையுறையான மிட்டில் பந்து விழும் சத்தமும் தனித்தனியாகக் கேட்டன. அவர் தான் நிற்கும் பெட்டியை விட்டு நகராமல் கேட்சரின் மிட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பாட்டக்கெட்டில் நடந்த முக்கியமான காரியம் பார்வையாளர்களான எங்களுக்குத் தெரியாமல் நடந்தது. பிற்பாடுதான் படித்தேன். ரெட் சாக்ஸில் அப்போது பந்து பற்றிய அளவீடுகளை ஆராய்ந்துகொண்டிருந்தவர் பிரையன் பானிஸ்டர், மெட்ஸ், ராயல்ஸ் அணிகளுக்காக வீசிய முன்னாள் பிட்சர். அவர் ஹில்லிடம் பேசினார். உங்கள் கர்வ்பாலின் சுழற்சி மேஜர் லீக்கின் மிகச் சிறந்த பந்துகளுக்கு இணையானது, அதை இன்னும் அதிகமாக வீசுங்கள், வேகத்தையும் வளைவையும் மாற்றி மாற்றி வீசுங்கள் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். கேட்க எளிய யோசனை. ஆனால் ஃபாஸ்ட்பாலை முதலில் நிலைநாட்டு, கர்வ்பாலைத் துணைக்கு வைத்துக்கொள் என்று சிறு வயது முதல் எல்லாப் பிட்சருக்கும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். 35 வயதில் அந்தப் பாடத்தைத் தலைகீழாக்க மனத்திண்மை வேண்டும். தன் வாழ்க்கைப் போக்கையே மாற்றிய உரையாடல் அது என்று ஹில்லே பின்னர் சொல்லியிருக்கிறார்.

பாட்டக்கெட்டுக்காக ஐந்து ஆட்டங்களைத் தொடங்கினார். செப்டம்பர் வந்தது. அந்தக் காலத்தில் செப்டம்பர் 1 முதல் மேஜர் லீக் அணி 25 வீரர்களுக்குப் பதில் 40 பேர் வரை வைத்துக்கொள்ளலாம். ரெட் சாக்ஸோ அந்த ஆண்டு தன் பிரிவில் கடைசி இடத்தில் இருந்தது, இழக்க ஒன்றுமில்லை. ஹில்லை அழைத்தார்கள். செப்டம்பர் 13, டாம்பா பே அணிக்கு எதிராக 7 இன்னிங்ஸ், ஒரே ஒரு ஹிட், 10 ஸ்டிரைக்அவுட். அடுத்து டொரான்டோ, மறுபடி 10.

செப்டம்பர் 25 அன்று ஃபென்வேயில் நான் நேரில் இருந்தேன். எதிரணி பால்டிமோர், ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் வலியோடு வீசிய அதே அணி. கடைசி இடத்து அணியின் செப்டம்பர் ஆட்டத்துக்குப் பாதி மனத்தோடுதான் கூட்டம் வந்திருந்தது. ஐந்தாவது இன்னிங்ஸுக்குப் பிறகு பேச்சு அடங்கி, எல்லோரும் பிட்சர் நிற்கும் மவுண்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். பாட்டக்கெட்டில் பார்த்த அதே கர்வ்பால், அதே இறக்கம். இங்கே ஏமாந்தவர்கள் மட்டும் மேஜர் லீக் பேட்டர்கள். எந்தப் பந்து என்று கேட்சர் விரலைக் காட்டுவதற்கு முன்பே கர்வ்பால்தான் வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது, பேட்டருக்கும் தெரிந்திருக்க வேண்டும், ஆனாலும் அடிக்க முடியவில்லை. ஒன்பது இன்னிங்ஸையும் அவரே வீசி முடித்தார். இரண்டு ஹிட், ரன் கிடையாது, மறுபடியும் 10 ஸ்டிரைக்அவுட். கடைசி அவுட்டுக்கு எழுந்து நின்று கத்தியதில் மறுநாள் எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.

நான்கு ஆட்டங்கள், 29 இன்னிங்ஸ், 36 ஸ்டிரைக்அவுட், வெறும் 5 வாக். வாக் கொடுத்தே வீழ்ந்த மனிதர் ஐந்தே ஐந்து பேரைத்தான் வாக் ஆக்கினார். எனக்கு 36-ஐவிட இந்த 5 தான் பெரிதாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகான கதை பலருக்கும் தெரியும். ஓக்லாண்ட் ஓராண்டுக்கு 60 லட்சம் டாலர் கொடுத்தது. 2016 ஆகஸ்டில் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸ் வாங்கியது. அந்த செப்டம்பரில் மயாமியில் ஏழு இன்னிங்ஸ் வரை ஒருவரைக்கூட பேஸுக்கு விடாமல் வீசிக்கொண்டிருந்தவரை மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் வெளியே எடுத்தார். விரலில் திரும்பத் திரும்பக் கொப்புளம் வந்துகொண்டிருந்ததே காரணம். பிளேஆஃப் பக்கத்தில் இருக்கும்போது அந்தக் கையைக் காப்பாற்றியது சரி என்றுதான் இன்றும் நினைக்கிறேன், வயிறு எரிந்தாலும். ஆண்டு முடிவில் மூன்றாண்டுகளுக்கு 4.8 கோடி டாலர் ஒப்பந்தம். 2017 ஆகஸ்டில் பிட்ஸ்பர்கில் எட்டு இன்னிங்ஸ் பிசிறில்லாமல் வீசினார். ஒன்பதாவதில் ஃபீல்டரின் பிழையால், ஒருவரைக்கூட பேஸை எட்டவிடாத பெர்ஃபெக்ட் கேம் போயிற்று, பத்தாவதில் ஜாஷ் ஹாரிசன் அடித்த ஹோம்ரனில் ஆட்டமே 1-0 என்று போயிற்று. அதே ஆண்டு மேஜர் லீக்கின் இறுதித் தொடரான உலகத் தொடரிலும் இரண்டு ஆட்டங்களைத் தொடங்கினார்.

பாட்டக்கெட்டுக்கு அப்படி ஒரு மறுவாழ்வு கிடைக்கவில்லை. 2021-இல் அணி மாசசூசெட்ஸின் வூஸ்டருக்குப் போய்விட்டது, மெக்காயைப் பின்னர் இடித்துவிட்டார்கள். அணி போன அந்த 2021-இலேயே மேஜர் லீக் தன் கீழுள்ள மைனர் லீக் அணிகளை 120 ஆகக் குறைத்தது. கணக்குப் பார்ப்பவர்களுக்கு அதில் நியாயம் இருக்கலாம். எனக்கு அது பிடிக்கவில்லை. விடுவிக்கப்பட்ட 35 வயதுக்காரர் ஒருவர் வந்து வீசிக் காட்ட ஒரு மவுண்ட் வேண்டும், அது எங்காவது ஒரு சிற்றூரில் இருக்க வேண்டும்.

ஹில் 2025-இல் இன்னொரு முறையும் மைனர் லீக் வழியாகவே வந்தார். 45 வயதில் கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியின் ட்ரிபிள்-ஏ ஊரான ஒமாஹாவில் வீசிவிட்டு, ஜூலை 22 அன்று சிகாகோவின் ரிக்லி ஃபீல்டில் மேஜர் லீக் மவுண்டில் ஏறினார். அவருக்கு அது 14-ஆவது மேஜர் லீக் அணி. எட்வின் ஜாக்சன் வைத்திருந்த சாதனையை அன்று சமன் செய்தார். ஒரு வாரத்திலேயே ராயல்ஸ் அவரை அணிப் பட்டியலிலிருந்து நீக்கியது. ஆனால் அந்தக் கோடையில் ஒமாஹாவில் அவர் வீசியதை உங்களில் யாராவது நேரில் பார்த்திருந்தால் தயவுசெய்து எழுதுங்கள். கர்வ்பால் எத்தனை வீசினார், இறக்கம் பழையபடி இருந்ததா, இளைய வீரர்களோடு டக்அவுட்டில் எப்படி இருந்தார் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ள எனக்கு மிகுந்த ஆவல்.