சிறு சோள விவசாயிக்குக் கதிரடிக்கும் இயந்திரம் வேண்டுமா?

களத்துமேடு:
ஒன்றிரண்டு ஏக்கரில் சோளம் (மக்காச்சோளம் அல்ல) போடுகிறவர்களுக்கும் எஞ்சின் வைத்த கதிரடிக்கும் இயந்திரம் போய்ச் சேர வேண்டும் என்பது என் கட்சி. கோலால் அடித்துத் தூற்றி எடுத்தால் ஓர் ஆள் மணிக்குப் பத்து, பதினைந்து கிலோ தேற்றுவதே பெரிது. ஒரு டன் சோளத்துக்கு நாலு பேர் இரண்டு நாள் முழுக்க மாரடிக்க வேண்டும். சின்ன இயந்திரம் அதைச் சில மணி நேரத்தில் முடித்துவிடும். கதிர் குவியலாகக் கிடக்கிற ஒவ்வொரு நாளும் எலிக்கும் கறையானுக்கும் தீனிதான். நடுவில் மழை அடித்தால் பூசணம். அப்புறம் அந்தச் சுணை! கழுத்து, முழங்கை மடிப்பெல்லாம் அரித்துச் சிவந்து, ராத்திரி தூக்கமே வராது.

மானாவாரி:
உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். உலகச் சராசரியே ஹெக்டேருக்கு ஒன்றரை டன் அளவுதான். மழையை நம்பிய சிறு நிலத்தில் ஒரு டன் கிடைத்தாலே நல்ல வருடம். மணிக்கு 300 கிலோ அடிக்கிற இயந்திரத்துக்கு அந்த வீட்டில் வருடத்துக்கு நாலு மணி நேர வேலைகூட இல்லை. மீதி நாளெல்லாம் துருப்பிடித்து நிற்கப்போகிற இரும்புக்கு எதற்குக் கடன்? இன்னொன்று. 'நாலு பேர் இரண்டு நாள்' என்றீர்களே, அது யாருடைய கூலி? பல இடங்களில் நிலமில்லாத பெண்களுடையது. இயந்திரம் வந்தால் அதை ஓட்டப்போவதும் வாடகை வாங்கப்போவதும் ஆண்கள்.

சல்லடை:
இருவருமே தானியத்தைப் பார்க்கவில்லை. வேறு பயிருக்கு வைத்த வேகத்திலேயே சோளத்தையும் விட்டால் குருணைதான் மிஞ்சும். அடிக்கிற உருளையின் விளிம்பு நொடிக்கு 10 மீட்டரை ஒட்டி ஓடினால் பெரும்பாலும் போதும். 40 செ.மீ. விட்டமுள்ள உருளைக்கு அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 480 சுற்று. வெளியே விழுவதில் ஒரு பிடி அள்ளி உள்ளங்கையில் பரப்பிப் பாருங்கள். உடைந்த மணி அதிகம் தெரிந்தால் வேகத்தைக் குறையுங்கள், இல்லை உருளைக்கும் அடித்தட்டுக்கும் உள்ள இடைவெளியைக் கூட்டுங்கள். மணியோடு உமி ஒட்டிக்கொண்டே வந்தால் கதிர் காயவில்லை என்று அர்த்தம். அப்போது வேகத்தைக் கூட்டுவதுதான் எல்லோரும் செய்கிற தப்பு. இன்னும் ஒரு நாள் வெயிலில் போட வேண்டும். உடைந்த தானியத்தில் சிவப்பு மாவு வண்டு வேகமாகப் பெருகும், முழு மணியில் அதற்கு அவ்வளவு எளிதில்லை. விதைக்கு எடுக்கும் கதிரை மட்டும் கையாலேயே அடியுங்கள். முளை அடிபட்டது கண்ணுக்குத் தெரியாது, விதைத்த பிறகுதான் தெரியும்.

களத்துமேடு:
சரி, சல்லடை சொன்னதை அப்படியே ஏற்கிறேன். ஆனால் மானாவாரி, வீட்டுக்கு ஒன்று வாங்கச் சொன்னது யார்? வாடகைக்கு ஓட வேண்டிய பொருள் இது. மேற்கு ஆப்பிரிக்காவின் செனகலில் 1997இல் நெல்லுக்காக வந்த 'ஏ.எஸ்.ஐ.' என்ற கதிரடிக்கும் இயந்திரத்தை உள்ளூர்ப் பட்டறைகளிலேயே செய்தார்கள். பழுதானால் பக்கத்துப் பட்டறையிலேயே ஆள் கிடைக்கும்.

மானாவாரி:
அது பாசன நெல், நண்பரே. ஹெக்டேருக்குப் பல டன் விளையும், வயல்களும் அடுத்தடுத்து இருக்கும். சோளக்காடு அங்கொன்றும் இங்கொன்றுமாகக் கிடக்கிறது. வண்டிக்காரர் பெரிய குவியல் இருக்கும் இடத்துக்குத்தான் முதலில் போவார். ஒரே வாரத்தில் எல்லோருக்கும் கதிர் தயாராகும்போது கடைசியில் நிற்பது சின்னவர்தான்.

கை போகிற ஆபத்தையும் யாரும் பேசவில்லை. கதிரடிக்கும் இயந்திரத்தில் கை இழந்தவர்கள் பெருகியதால்தான் இந்தியா 1983இல் ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்தத் தனிச் சட்டமே போட்டது. கதிர் தள்ளும் வாய் 90 செ.மீ. நீளமும், அதில் 45 செ.மீ. மேல்மூடியும் இருக்க வேண்டும் என்பது அங்குள்ள தரநிர்ணயம். சோளத்தில் கதிரை மட்டும் கிள்ளி உள்ளே விடுகிறோம். நீளத் தாள் கிடையாது, அதனால் கை உருளைக்குப் பக்கத்திலேயே போய்விடும். வாயைக் குட்டையாக்கி மலிவாக விற்கிற இயந்திரத்தை எந்தக் களத்திலும் ஏற்றக் கூடாது.

கதிர்முனை:
நான் கோல் பிடித்து அடித்தவள். முதுகு விட்டுப்போகிற அந்த வேலையை எனக்காகக் காப்பாற்ற வேண்டாம். அந்தக் கூலிக்குப் பதில் என்ன என்று மட்டும் முதலில் சொல்லுங்கள். நான் வேலை செய்த ஒரு களத்தில் இயந்திரம் வந்தது. வாடகை ஓட்டுநருக்குப் போனது, காற்று அடிக்கிற பக்கம் நின்று தூசியில் உமி வாருகிற வேலை எங்களுக்கு வந்தது. இயந்திரத்தைப் பெண்கள் குழுவின் பெயரில் கொடுங்கள். பெல்ட் மாட்டவும் சல்லடை மாற்றவும் வேகம் வைக்கவும் எங்களுக்கே கற்றுக்கொடுங்கள். கூலியும் வாடகையும் எங்கள் கையில் இருந்தால், எந்தக் களத்துக்கு முதலில் போவது என்பதையும் நாங்களே முடிவு செய்வோம்.

மானாவாரி:
கதிர்முனை சொல்வதற்கு என்னால் மறுப்புச் சொல்ல முடியவில்லை. அப்படி வருமானால் நான் எதிர்க்கப்போவதில்லை. குழுவுக்கும் கடன் தவணை இருக்குமே, பெரிய குவியல்தானே அவர்களையும் இழுக்கும்? கடைசியில் நிற்பவருக்கு என்ன வழி?

களத்துமேடு:
அறுவடைக்கு முன்பே சீட்டுக் குலுக்கி வரிசை போட்டுவிடலாம். பக்கத்துப் பக்கத்துச் சிறு குவியல்களை ஒரே களத்துக்குக் கொண்டுவந்தால் வண்டி அலைவதும் மிச்சம். காத்திருப்பவரின் கதிரைத் தரையில் விடாமல் பரண் மேல் பரப்பி, மழைக்குத் தார்ப்பாய் போட வேண்டும். அந்தத் தார்ப்பாய்க்கும் குழுவின் கணக்கிலேயே பணம் ஒதுக்க வேண்டும்.