யாமல் கோப்பைப் படித்தால் கட்டளை ஓடுவது யார் தவறு?

மாலைவெயில்:
பழைய பைத்தான் ஸ்கிரிப்ட் ஒன்று, பல வருடமாகத் தொந்தரவு இல்லாமல் ஓடியது. யாமல் என்னும் எளிய எழுத்து வடிவ கான்ஃபிக் கோப்புகளைப் படிக்கும் பையாமல் லைப்ரரியை 6.0 பதிப்புக்கு ஏற்றியதும், கோப்பைப் படிக்கும் லோட் வரியில் நின்றுவிட்டது. லோடர் (கோப்பை எப்படிப் படிப்பது என்று தீர்மானிக்கும் பகுதி) எது என்று சொன்னால்தான் வேலை செய்யுமாம். கான்ஃபிக் கோப்பை நான்தான் எழுதுகிறேன், நான்தான் படிக்கிறேன். யாரோ செய்த அசட்டுத்தனத்துக்கு என் கோடு ஏன் உடைய வேண்டும்?

சங்கிலிப்பூட்டு:
அந்தப் பழைய லோட் எழுத்தையும் எண்ணையும் மட்டும் படிப்பதில்லை. கோப்புக்குள் பைத்தான் டேக் (பைத்தான் செயல்பாட்டைக் கூப்பிடச் சொல்லும் குறி) ஒன்றைப் போட்டு, கட்டளைகளை ஓட்டும் ஓஎஸ்.சிஸ்டம் பெயரையும் ஒரு ஷெல் கட்டளையையும் எழுதி வைத்தால் போதும். கோப்பைப் படிக்கும்போதே கட்டளை ஓடிவிடும். கான்ஃபிக் படிப்பதாக நினைத்துக்கொண்டு அடுத்தவர் நிரலை ஓட்டிக்கொண்டிருந்தோம். பாதுகாப்பு ஓட்டைகளின் பொதுப் பட்டியலில் சிவிஇ-2017-18342 என்று எண் கொடுத்ததே இதற்குத்தான்.

மாலைவெயில்:
இது ஒளித்து வைத்த ரகசியமா? நம்ப முடியாத இடத்திலிருந்து வரும் தரவுக்கு லோட் வேண்டாம், இதற்கு பிக்கிள் (பைத்தான் பொருள்களைச் சேமித்துத் திரும்ப எடுக்கும், நிரலையும் ஓட்டக்கூடிய வசதி) அளவுக்குச் சக்தி உண்டு என்று ஆவணத்திலேயே இருந்தது. பக்கத்திலேயே, வெறும் தரவை மட்டும் படிக்கும் சேஃப்லோட் இருந்தது. படிக்காதவருக்காகப் படித்தவனைத் தண்டிப்பதா?

சங்கிலிப்பூட்டு:
உப்பு டப்பாவில் எலி மருந்தை வைத்துவிட்டு, அடியில் சீட்டு எழுதிப் போட்டிருந்தேனே என்றால் ஒப்புக்கொள்வீர்களா? சின்னப் பெயர் ஆபத்தானது, நீளமான பெயர் பாதுகாப்பானது. புதிதாக வருகிற பிள்ளை எதை டைப் பண்ணும்?

நடுராத்திரி_டிப்ளாய்:
இரண்டு பேருமே பையாமல் பராமரிப்பாளர் பட்ட பாட்டை விட்டுவிட்டீர்கள். 2018இல் 4.1 பதிப்பில் லோடையே பாதுகாப்பானதாக மாற்றினார்கள். பலருடைய கோடு உடைந்தது, பதிப்பைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2019 மார்ச்சில் 5.1 வந்தது. அதில் ஒரு சமரசம்: ஃபுல்லோடர் என்று நடுவழி ஒன்று, கூடவே ஓர் எச்சரிக்கைச் செய்தி. அந்த நடுவழியிலும் ஓட்டை கண்டுபிடித்தார்கள் (சிவிஇ-2020-1747). 5.3.1இல் அடைத்தார்கள், அப்புறமும் ஒழுகியது. சிவிஇ-2020-14343 என்று இன்னொரு எண் வாங்கி 5.4இல் மறுபடி பூச்சு. அதற்குப் பிறகுதான் 2021 அக்டோபரில் 6.0: எது வேண்டும் என்று நீங்களே சொல்லுங்கள்!

மாலைவெயில்:
என் கட்சிக்கே வலு சேர்க்கிறீர்கள். 5.1 எச்சரிக்கையைப் பார்த்தவர்களில் எத்தனை பேர் ஆவணத்தைத் திறந்திருப்பார்கள்? செய்தியை அமுக்கிவிட்டுப் போயிருப்பார்கள். என் வாதம் அப்படியே நிற்கிறது: என் கோப்பு, என் சர்வர், என் பொறுப்பு.

சங்கிலிப்பூட்டு:
"என் கோப்பு" என்பதில்தான் சிக்கலே. ரூபி மொழிப் பக்கம் பாருங்கள். 2013 ஜனவரியில், ரூபியில் வலைச் செயலி எழுத உதவும் ரெயில்ஸில் வந்த சிவிஇ-2013-0156. எக்ஸ்எம்எல் கோரிக்கைக்குள் யாமலைச் செருகி அனுப்பினால் ரெயில்ஸ் அதையும் பிரித்துப் படித்தது. தன் செயலி யாமலை வெளியிலிருந்து வாங்குகிறது என்பதே பலருக்குத் தெரியாது. அதே மாதக் கடைசியில், ஜெம் எனப்படும் ரூபி லைப்ரரிகளை வழங்கும் ரூபிஜெம்ஸ் தளத்துக்குள்ளேயே புகுந்தார்கள், அதுவும் ஜெம் ஒன்றின் யாமல் விவரக் கோப்பு வழியாக. ஏற்கெனவே ஏற்றியிருந்த ஜெம்களில் யாராவது கைவைத்தார்களா என்று சரிபார்க்க வேண்டியதாயிற்று. ரூபி 3.1இல்தான் லோட் பாதுகாப்பானதாக மாறியது. அங்கேயும் உங்களைப் போலத்தான் திட்டினார்கள், அது வேறு கதை.

மாலைவெயில்:
சரி, தேடிப் பார்த்தேன். என் கோடில் பதினொரு இடத்தில் லோட் இருக்கிறது. பத்தில் சேஃப்லோட் போட்டாயிற்று, ஒன்றும் உடையவில்லை. பதினொன்றாவது இடம் என் சொந்த கிளாஸ்களைச் சேமித்துத் திரும்ப எடுப்பது. அங்கே, பழைய லோட் போலவே எல்லாவற்றையும் அனுமதிக்கும் அன்சேஃப்லோட் என்றே எழுதிவிட்டேன். 6.0 மேல் கோபம் போகவில்லை.

சங்கிலிப்பூட்டு:
அன்சேஃப் என்று பெயரிலேயே இருக்கிறதல்லவா, அதைத்தான் நானும் கேட்டேன். அந்தக் கோப்பு எந்த ஃபோல்டரில் இருக்கிறது, அங்கே வேறு யாருக்கு எழுத அனுமதி உண்டு?

மாலைவெயில்:
பார்த்துவிட்டு நாளைக்குச் சொல்கிறேன்.